புற்றுநோயை எதிர்த்த அன்னை

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த அக்காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார்.

அவருடைய அன்புத் தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. துயரத்தில் துவண்டுவிடாமல், இந்நோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டும் எனப் பல்லாண்டு பாடுபட்டார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தோள் கொடுத்தார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கியது.

1957இல் அங்கே கோபால்ட்-60 கருவி வந்தது.  கோபால்ட் வீசும் காமாக் கதிர்கள் உடலின் ஆழத்திலுள்ள கட்டியையும் அழிக்கும். அளவு மீறினால் நல்ல உறுப்பையும் கெடுக்கும். ஆகவே கோபால்ட்டைக் கனத்த ஈயக் கவசத்துள் அடைத்து, அறைக்குத் தடித்த கான்கிரீட் சுவர் எழுப்பி, வெளியே நின்றுதான் இயக்குவார்கள். நம் இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளின் எக்ஸ்ரே அறைகளுக்கும் அடிப்படை விதி இதுவே: தேவையான அளவே கதிர், தேவையற்றவர் வெளியே.

1968இல் அன்னை மறைந்தார். தோழியரே, ஒரு தங்கைக்காக வடித்த கண்ணீர் ஆயிரமாயிரம் பேருக்கு மருந்தாயிற்று!