மேற்கோள் வராத வருடங்கள்: டாக்டர் சம்புநாத் டே

பல்கலைக்கழகத்தில் படிக்கிற நமக்கு 'சைட்டேஷன்' என்ற வார்த்தை புதுசு இல்லை. ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை சுட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. எண்ணிக்கை கூடினால் பெரிய ஆள். குறைஞ்சா யாரும் கண்டுக்க மாட்டாங்க. அந்தக் கணக்கு ரொம்ப தாமதமாக வந்து சேர்ந்த ஒரு விஞ்ஞானியைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன்.

சம்புநாத் டே 1915-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து 1939-இல் மருத்துவரானார். பிறகு லண்டன் போய் ஆராய்ச்சி செய்து, 1949-இல் முனைவர் பட்டத்தோடு கல்கத்தாவுக்கே திரும்பினார். அங்கே காலரா ஆயிரக்கணக்கில் உயிர்களை எடுத்துக்கொண்டிருந்தது.

காலரா கிருமியை ராபர்ட் காக் அதே கல்கத்தாவில் 1884-இல் அடையாளம் காட்டிவிட்டார். ஆனால் அது மனிதனை எப்படிக் கொல்கிறது என்பது மட்டும் புரியவில்லை. நச்சு கிருமியின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, கிருமி செத்து உடைந்தால்தான் வெளியே வரும் என்றே பலரும் நம்பினார்கள்.

டே வேறு மாதிரி யோசித்தார். நோய் குடலில்தானே நடக்குது, அங்கேயே பார்க்கலாமே! முயலை மயக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் ஊசி மூலம் காலரா கிருமியைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அந்தப் பகுதி நீர் நிரம்பி வீங்கியிருந்தது. இது 1953-இல் கட்டுரையாக வந்தது.

அடுத்த சோதனைதான் முக்கியமானது. கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாமல் அந்தத் திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்பவும் குடல் வீங்கியது. அப்படின்னா, உயிரோடு இருக்கும் கிருமியே நச்சை வெளியே சுரக்கிறது! காக் கிருமியைக் காட்டி 75 வருடம் கழித்து, 1959-இல், இது 'நேச்சர்' இதழில் சின்னக் கட்டுரையாக வந்தது. எழுதியவர் டே ஒருவர் மட்டுமே.

காலரா நோயாளியைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். அதை ஈடு கட்டினால் உயிரைக் காப்பாற்றலாம். இந்தப் புரிதலுக்கு டேயின் வேலை அடித்தளம் போட்டது. இன்று நம்ம வீட்டில் வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரை பாக்கெட்டின் பின்னாலும் அதே புரிதல்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டுரையை ஆரம்ப வருடங்களில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. நச்சைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க டேயிடம் கருவி வசதியும் இல்லை. 1969-இல் அமெரிக்காவில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் டேயின் பெயர் கட்டுரைகளில் அடிக்கடி வர ஆரம்பித்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் இவரை நோபலுக்குப் பரிந்துரை செய்தார். 1978-இல் நோபல் அறக்கட்டளை காலரா கருத்தரங்குக்கு அழைத்தது. சொந்த நாட்டில் எந்த அறிவியல் கழகமும் இவரை உறுப்பினராக ஏற்கவில்லை. பெரிய விருது ஒன்றுகூட தரவில்லை. 1973-இல் ஓய்வு பெற்ற டே, 1985-இல் காலமானார்.

மறு வருடமே, மேற்கோள் கணக்கெடுக்கும் முறையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு, டேயின் தாக்கத்தைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். எண்ணிக்கை கடைசியில் உண்மையைச் சொன்னது. கேட்கத்தான் டே இல்லை.

பலனைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்யாதே என்று கர்மயோகம் சொல்வதை நாம் சமய வகுப்பில் கேட்டிருக்கிறோம். முடிவு பிடிக்கலைன்னா ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தை என்றே நான் நினைத்திருந்தேன். டேயின் வாழ்க்கையைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. 1959-இல் கைதட்டல் வராததால் அந்தச் சோதனை பொய்யாகிவிடவில்லை. அதே சமயம், பலனை எதிர்பார்க்காமல் உழைப்பவரை மதிக்காமல் விடுவது நம் தர்மம் ஆகாது. உழைப்பது அவர் கடமை. உயிரோடு இருக்கும்போதே அவரை அடையாளம் கண்டு பாராட்டுவது நம்ம கடமை.

உங்கள் கிளையில், உங்கள் கோயிலில், உங்கள் வகுப்பில் சத்தமில்லாமல் உழைக்கும் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். இந்த வாரமே அவரிடம் போய்ப் பேசுங்கள்.