தொலைந்த கோளைத் தாளில் தேடியவர்

1777 ஏப்ரல் 30 ஆம் திகதி ஜேர்மனியின் பிரவுன்ஸ்விக் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் கார்ல் பிரடெரிக் கவுஸ். பௌதிகவியலில் கவுசின் தேற்றம் என்று படிக்கிறோமே, அவரேதான். தாய் டொரோத்தியாவுக்கு எழுதத் தெரியாது. மகன் பிறந்த திகதியும் அவருக்கு நினைவில்லை. ஒரு கிறிஸ்தவப் பெருநாளுக்கு எட்டு நாட்கள் முந்திய புதன்கிழமை என்று மட்டும் தெரியும். அதை வைத்துத் தன் பிறந்த நாளைக் கணித்தவர் மகன்தான். பிள்ளையின் திறமையைக் கேள்வியுற்ற பிரவுன்ஸ்விக் கோமகன் படிப்புச் செலவை ஏற்றார்.

1801 ஜனவரி 1 ஆம் திகதி இரவு, சிசிலித் தீவின் பலேர்மோவில் பியாசி என்ற வானியலாளர் மங்கலான ஒரு புள்ளியைக் கண்டார். அது இரவுக்கு இரவு இடம் மாறியது. பெப்ரவரி 11 வரை அவதானித்தார், பிறகு நோயுற்றார். சீரிஸ் எனப் பெயர் பெற்ற அந்தப் பொருள் சூரிய ஒளிக்குள் மறைந்துவிட்டது. சூரியனைச் சுற்ற நாலரை ஆண்டுக்கு மேல் எடுக்கும் ஒன்றை 41 நாட்களுக்குள் மட்டுமே பார்த்திருந்தார்கள். மீண்டும் எங்கே தேடுவது?

பியாசி தன் குறிப்புகளை உடனே முழுமையாக வெளியிடவில்லை. அது பலருக்கு மனத்தாங்கல்தான். செப்டெம்பரில் சாக் என்பவரின் வானியல் சஞ்சிகையில் அவை அச்சாகின. அதன் பிறகு, சஞ்சிகை கையில் கிடைத்த எவரும் கணக்குப் போடலாம் என்றாயிற்று. கவுசுக்கு அப்போது வயது 24. பலேர்மோவுக்கும் போகவில்லை, தொலைகாட்டியும் தேவைப்படவில்லை.

கணக்கு இலேசானதல்ல. குறிப்புகளில் திசை மட்டுமே உண்டு, தூரம் இல்லை. பார்க்கும் நாமும் நகரும் பூமியில் நிற்கிறோம். மற்றவர்களில் பலர் பாதையை வட்டம் என்று எடுத்துக்கொண்டு முயன்றார்கள். கவுஸ் அப்படி எடுக்கவில்லை. கெப்ளரின் விதிகளை மட்டும் நம்பி, மூன்று அவதானிப்புகளிலிருந்து நீள்வளையப் பாதையைக் கண்டறிய வழி அமைத்தார். கணினி இல்லாத காலம். எல்லாம் கையால் செய்த கணக்கு.

அவர் காட்டிய இடம் மற்றவர்கள் சொன்ன இடங்களிலிருந்து பல பாகை விலகியிருந்தது. 1801 டிசம்பர் 31 இரவு, சாக் அந்த இடத்துக்கு மிக அருகிலேயே சீரிசைக் கண்டு உறுதிப்படுத்தினார். ஓரிரு நாட்களில் ஒல்பர்சும் கண்டார்.

உதவிய கோமகன் 1806 இல் போரில் காயமுற்று இறந்தார். மறு ஆண்டு கவுஸ் கோட்டிங்கன் வானாய்வகத்தின் பணிப்பாளரானார். 1809 இல் தன் முறையை இலத்தீன் நூலாக வெளியிட்டார். முதுமையில் பார்வை இழந்த தாயைத் தன்னுடனேயே வைத்து, 1839 இல் அவர் இறக்கும்வரை பராமரித்தார். எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது இதை வாசித்தபோதுதான். அவர் 1855 இல் காலமானார்.

இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்களின் ஒழுக்குத் தரவுகள் இணையத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் 1001 ஆம் இலக்கச் சிறுகோளின் பெயர் கவுசியா.