சூப்பர் கோப்பையில் இருக்கும் அந்தப் பெயர் யாருடையது? சிறைக்குப் போன போர்ச்சுகல் கேப்டனின் கதை

2024 ஆகஸ்ட் 3. போர்ச்சுகலின் அவெய்ரோ நகர மைதானம். சீசனின் முதல் கோப்பைக்கான ஆட்டத்தில், 24 நிமிடங்களுக்குள் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் 3-0 என முன்னிலை. இனி என்ன இருக்கு என்று பல பேர் டிவியை அணைத்திருப்பார்கள். ஆனா போர்ட்டோ அணி மூன்று கோலையும் திருப்பி அடித்து, கூடுதல் நேரத்தில் 4-3 என ஜெயித்துவிட்டது.

லீக் சாம்பியனும் உள்நாட்டுக் கோப்பையை வென்ற அணியும் மோதும் இந்த ஆட்டத்தை நாம் போர்ச்சுகல் சூப்பர் கோப்பை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதன் முழுப் பெயர் காண்டிடோ டி ஒலிவேரா சூப்பர் கோப்பை. அது ஸ்பான்சர் நிறுவனத்தின் பெயர் கிடையாது, ஒரு மனிதரின் பெயர்.

யார் இவர்? போர்ச்சுகல் ஆடிய முதல் சர்வதேசப் போட்டியின் கேப்டன், ஒரு நடுகள வீரர். அப்புறம் தேசிய அணியின் பயிற்சியாளர், பத்திரிகையாளர். இதுவரைக்கும் வழக்கமான விளையாட்டுக்காரரின் வாழ்க்கைதான். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ரகசிய அமைப்புக்கு வேலை செய்து பிடிபட்டு, சொந்த நாட்டு அரசாலேயே அட்லாண்டிக் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டவர் என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி.

விடுதியில் வளர்ந்த பையன்

1896 செப்டம்பர் 24 அன்று, அலென்டேஜோ பகுதியில் ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ரொன்டெய்ரா என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே லிஸ்பனில் உள்ள காஸா பியா என்ற நிறுவனத்தில் சேர்க்கப்பட்டார். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1780-ல் தொடங்கப்பட்ட இல்லம் அது. தங்க இடம், சாப்பாடு, படிப்பு, ஒரு கைத்தொழில் எல்லாம் அங்கேயே கிடைக்கும். கூடவே கால்பந்தும். போர்ச்சுகலில் இந்த விளையாட்டு காலூன்றிய ஆரம்ப நாட்களில் காஸா பியா பையன்களின் பங்கு ரொம்பப் பெரியது. 1904-ல் பென்ஃபிகா கிளப்பைத் தொடங்கியவர்களில் பலர் இங்கே படித்தவர்கள்தான்.

ஒலிவேராவும் அதே வழியில் பென்ஃபிகாவுக்குப் போனார், நடுகளத்தில் ஆடினார். ஆனா படித்த இடத்தின் மீதான பாசம் விடவில்லை. 1920 ஜூலை 3 அன்று பழைய மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு காஸா பியா அத்லெட்டிகோ கிளப்பைத் தொடங்கினார். நல்ல நிலையில் இருந்த பென்ஃபிகாவை விட்டுட்டு புது கிளப்பா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் இருந்திருக்கலாம். அந்தப் புது அணி முதல் சீசனிலேயே லிஸ்பன் மாவட்ட சாம்பியன் ஆனது.

1921 டிசம்பர் 18 அன்று மாட்ரிட் நகரில் ஸ்பெயினுக்கு எதிராகப் போர்ச்சுகல் தேசிய அணி முதன்முறையாகக் களமிறங்கியது. கேப்டன் ஒலிவேரா. 3-1 எனத் தோல்வி. போர்ச்சுகல் சார்பாக ஆல்பெர்டோ அகுஸ்டோ ஒரு பெனால்டியைக் கோலாக்கினார். எத்தனையோ நட்சத்திரங்கள் பின்னாளில் அணிந்த அந்த கேப்டன் பொறுப்பின் தொடக்கம் அந்த மாட்ரிட் மாலைதான். ஒலிவேராவுக்கு அதுவே ஒரே சர்வதேசப் போட்டி.

கை தூக்காத வீரர்கள்

ஆட்டக்காரராக ஒரு போட்டியோடு முடிந்த தேசிய அணித் தொடர்பு, பயிற்சியாளராகப் பல வருஷம் நீண்டது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகல் அணியை வழிநடத்தியவர் அவர். 2-0 என்று பின்தங்கியும் சிலியை 4-2 என வீழ்த்தினார்கள். அடுத்து யுகோஸ்லாவியாவை 2-1 என வென்றார்கள். காலிறுதியில் எகிப்திடம் 1-2 எனத் தோற்றார்கள். உலக அளவிலான ஒரு பெரிய தொடரில் போர்ச்சுகல் மறுபடி ஆட 38 வருஷம் ஆனது. 1966 உலகக் கோப்பை, யூசெபியோவின் காலம்.

இதற்கிடையில் நாடே மாறிவிட்டது. 1926-ல் ராணுவப் புரட்சி. 1932-ல் அன்டோனியோ சலாசர் பிரதமர் ஆனார். அடுத்த வருஷமே புது அரசியல் சட்டம், ஒரே கட்சி, பத்திரிகைத் தணிக்கை, பி.வி.டி.இ. என்ற ரகசியப் போலீஸ். இந்த ஆட்சி 1974 வரை நீடித்தது.

1938 ஜனவரி 30 அன்று லிஸ்பனின் சலேசியாஸ் மைதானத்தில் ஒரு போட்டி. எதிரணி ஸ்பெயின், அதாவது உள்நாட்டுப் போரின் நடுவே ஜெனரல் ஃபிராங்கோ தரப்பு அனுப்பிய அணி. சலாசரின் நட்பு வட்டாரம். ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் வலது கையை நீட்டி பாசிச வணக்கம் வைக்க வேண்டும். போர்ச்சுகல் வரிசையில் நின்ற பெலெனென்ஸஸ் கிளப் வீரர்கள் மூன்று பேர் அதைச் செய்யவில்லை. ஆர்துர் குவாரெஸ்மா கையைத் தூக்கவே இல்லை. மரியானோ அமாரோவும் ஜோஸே சிமோயெஸும் கையைத் தூக்கினார்கள், ஆனா முஷ்டியை மடக்கிக்கொண்டு. மூன்று பேரையும் ரகசியப் போலீஸ் விசாரணைக்குக் கொண்டுபோய், பிறகு விட்டது. ஆட்டத்தில் போர்ச்சுகல் 1-0 என வென்றது.

அன்றைக்கு அந்த அணியின் பயிற்சியாளர் ஒலிவேராதான். அவர் சொல்லித்தான் இது நடந்தது என்று காட்ட ஆதாரம் எதுவும் இல்லை, அதனால் அந்தப் பெருமையை அவர் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனா நான்கு வருஷம் கழித்து அதே போலீஸ் அவரைத் தேடி வந்தது.

தபால்துறை அதிகாரி, ரகசிய வேலை

அந்தக் காலத்து போர்ச்சுகலில் கால்பந்தை வைத்து மட்டும் குடும்பம் நடத்த முடியாது. ஒலிவேரா தபால் தந்தித் துறையில் வேலை பார்த்தார். இந்த விவரம் முக்கியம், ஏன் என்று பாருங்க.

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. ஹிட்லரின் படை ஸ்பெயின் வழியாகப் போர்ச்சுகலுக்கும் வரலாம் என்ற பயம் லண்டனில் இருந்தது. போர்ச்சுகல் நடுநிலை நாடு, அதே நேரம் இங்கிலாந்தின் பல நூற்றாண்டு நண்பன். ஜெர்மனி உள்ளே வந்துவிட்டால் எதிர்ப்பு வேலைகளையும் ரகசியத் தகவல் தொடர்பையும் நடத்த முன்கூட்டியே ஆட்களைத் தயார் செய்து வைக்க வேண்டும் என்று பிரிட்டன் திட்டமிட்டது. அந்த வேலையைச் செய்தது, நாசவேலைகளுக்காக 1940-ல் உருவாக்கப்பட்ட எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு. தந்தி, தபால், தகவல் தொடர்பு தெரிந்த, நாடு முழுக்க ஆட்களைத் தெரிந்த ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். ஒலிவேரா அதற்கு அச்சாகப் பொருந்தினார். சலாசர் ஆட்சியோடு அவருக்கு ஒட்டுதலும் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், ஜெர்மனியை எதிர்க்க என்று கட்டிய அந்த வலைக்குள் வந்தவர்களில் பலர் இயல்பாகவே சலாசர் எதிர்ப்பாளர்கள். ஜெர்மன் ராணுவம் கடைசி வரை வரவே இல்லை. ஆனா தன் நாட்டுக்குள் வெளிநாட்டு ஆயுத உதவியோடு எதிர்ப்பாளர்கள் திரள்கிறார்கள் என்று சலாசருக்குப் பட்டது. 1942-ல் போலீஸ் அந்த வலையை அறுத்தது. ஒலிவேரா கைதானார். சில மாதங்களில் கப்பலேற்றப்பட்டார்.

தராஃபால்

போய்ச் சேர்ந்த இடம், அன்றைக்குப் போர்ச்சுகல் காலனியாக இருந்த கேப் வெர்டேயின் சாண்டியாகோ தீவு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக்கின் நடுவில். அங்கே தராஃபால் என்ற இடத்தில் 1936-ல் அரசியல் கைதிகளுக்கான முகாம் திறக்கப்பட்டிருந்தது. தூக்குமேடை கிடையாது. தேவைப்படவும் இல்லை. மலேரியா, மோசமான தண்ணீர், பெயருக்கு மருத்துவம், வெயில், இதுவே போதுமானதாக இருந்தது. மெதுவாகச் சாகடிக்கும் முகாம் என்றுதான் போர்ச்சுகல் மக்கள் அதைக் குறிப்பிட்டார்கள்.

தண்டனை அறைக்குக் கைதிகள் வைத்த பெயர் வாணலி. ஜன்னல் இல்லாத சிமென்ட் பெட்டி அது. வெப்பமண்டல வெயிலில் பகல் முழுக்க சூடேறும். உள்ளே ஆட்களை நாள் கணக்கில் அடைத்து வைப்பார்கள். அந்த முகாமின் முதல் கட்டத்தில் 30-க்கும் மேற்பட்ட கைதிகள் இறந்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் பென்டோ கொன்சால்வெஸ் 1942 செப்டம்பரில் அங்கே இறந்தபோது ஒலிவேராவும் அதே முகாமில்தான் இருந்தார்.

அங்கே பார்த்ததை அவர் பிறகு எழுதி வைத்தார். உயிரோடு இருந்தவரை அதை அச்சில் கொண்டுவர வழியில்லை.

1944-ல் விடுதலை. வயது 47. உடம்பு தளர்ந்த நேரம். போரின் காற்று நேச நாடுகள் பக்கம் திரும்பிவிட்டதால் சலாசர் அரசும் தன் முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருந்தது.

பத்திரிகையும் ஐந்து வயலின்களும்

இத்தனைக்குப் பிறகு ஒரு மனுஷன் வீட்டோடு ஒதுங்கியிருந்தால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஒலிவேரா பத்திரிகை ஆரம்பித்தார். 1945 ஜனவரி 29 அன்று ஆ போலா இதழின் முதல் பிரதி வெளிவந்தது. பெயருக்கு அர்த்தம், பந்து. கூட நின்றவர்கள் விசென்டெ டி மெலோவும் அன்டோனியோ ரிபெய்ரோ டோஸ் ரெய்ஸும். இந்த ரிபெய்ரோ, 1921 மாட்ரிட் போட்டியில் ஒலிவேராவோடு ஆடியவர். அரசியலை எழுதினால் தணிக்கையின் நீலப் பென்சில் வரும் நாட்டில், ஒரு விளையாட்டுப் பத்திரிகை நல்ல எழுத்துக்கு எப்படியோ இடம் பிடித்துக் கொடுத்தது. இன்றைக்கும் அந்தப் பத்திரிகை வருகிறது.

அதே காலத்தில் ஸ்போர்ட்டிங் அணியின் பயிற்சியாளர் பொறுப்பும் சேர்ந்தது. பென்ஃபிகாவில் ஆடியவர் பரம எதிரியின் பெஞ்சில் உட்கார்ந்தது சிலருக்கு உறுத்தியிருக்கும். அவர் கையில் கிடைத்த முன்கள வரிசை போர்ச்சுகல் கால்பந்தின் புராணம்: ஜெசுஸ் கொரெய்யா, வாஸ்கெஸ், பெய்ரோட்டியோ, டிராவாஸோஸ், அல்பானோ. ஐந்து வயலின்கள் என்பார்கள். நடுவில் நின்ற பெய்ரோட்டியோ அங்கோலாவில் பிறந்தவர், 197 லீக் ஆட்டங்களில் 331 கோல் அடித்தவர். அந்தக் கணக்கை இரண்டு முறை படித்தாலும் தப்பில்லை.

1947-48 சீசன் முடிவு நம்ம ஊர் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்போர்ட்டிங்கும் பென்ஃபிகாவும் ஆளுக்கு 41 புள்ளிகள். அப்போ இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களை வைத்துதான் சாம்பியனைத் தீர்மானிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் பென்ஃபிகா 3-1 என வென்றிருந்தது. இரண்டாவதில் பென்ஃபிகாவின் சொந்த மைதானத்தில் ஸ்போர்ட்டிங் 4-1, நான்கு கோலும் பெய்ரோட்டியோ. கூட்டிப் பார்த்தால் 5-4. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பட்டம். அந்த வருஷப் பட்டத்துக்குப் போர்ச்சுகல் ரசிகர்கள் வைத்த பெயர் பிரோலிட்டோ சாம்பியன்ஷிப். பிரோலிட்டோ என்பது கழுத்தில் கண்ணாடிக் குண்டு வைத்த சோடா பாட்டில். ஆமாம், நம்ம கோலி சோடாவேதான். உள்ளே ஒரே ஒரு குண்டு, இங்கே ஒரே ஒரு கோல். அந்த சீசனில் உள்நாட்டுக் கோப்பையும் ஸ்போர்ட்டிங்குக்கே. அடுத்த வருஷமும் லீக் பட்டம் கைக்கு வந்தது.

களத்தில் அவர் செய்த வேலையையும் சொல்லணும். இங்கிலாந்தில் புகழ்பெற்ற டபிள்யூ-எம் என்ற ஆட்ட அமைப்பைப் போர்ச்சுகலில் விளக்கி எழுதி, பழக்கப்படுத்தியவர்களில் அவர் முன்னோடி. மூன்று தடுப்பாளர்கள், நடுவில் சதுரம் போல நான்கு பேர், முன்னால் மூன்று பேர். மேலிருந்து பார்த்தால் தாக்கும் ஐவர் டபிள்யூ எழுத்து மாதிரியும், பின்னால் நிற்கும் ஐவர் எம் எழுத்து மாதிரியும் தெரிவார்கள். ஐந்து முன்கள வீரர்களும் ஒரே கோட்டில் ஓடிய பழைய பாணி இதனால் பின்னுக்குப் போனது. பேனாவிலும் பெஞ்சிலும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பிரேசிலின் ஃப்ளமெங்கோ, போர்ட்டோ, கோயிம்ப்ராவின் அகாடெமிகா என்று சில அணிகள். அவற்றில் பெரிதாகச் சொல்ல ஏதும் இல்லை.

ஸ்டாக்ஹோமில் கடைசி நாட்கள்

1958 உலகக் கோப்பை ஸ்வீடனில் நடந்தது. போர்ச்சுகல் தகுதி பெறவில்லை. 61 வயது ஒலிவேரா ஆ போலாவுக்காகச் செய்தி சேகரிக்கப் போனார். அங்கேயே நோய்வாய்ப்பட்டு ஜூன் 23 அன்று ஸ்டாக்ஹோமில் இறந்தார். மறுநாள் அதே நகரின் ஓரத்தில், அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 17 வயதுப் பையன் ஒருவன் மூன்று கோல் அடித்தான். பெயர் பெலே. ஆட்ட அமைப்புகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதிய மனிதர், பிரேசில் அதையெல்லாம் புரட்டிப்போட்ட அந்த ஆட்டத்தை ஒரு நாளில் தவறவிட்டார்.

1974 ஏப்ரல் 25 அன்று ராணுவ அதிகாரிகளின் புரட்சியில் சர்வாதிகார ஆட்சி விழுந்தது. தராஃபால் முகாமும் அந்த வருஷமே மூடப்பட்டது. ஒலிவேரா எழுதி வைத்திருந்த சிறைக் குறிப்புகள், மரணச் சதுப்பு எனப் பொருள்படும் தலைப்பில், அவர் இறந்து 16 வருஷம் கழித்து அதே 1974-ல் புத்தகமாக வந்தன. சூப்பர் கோப்பை ஆட்டம் 1979-ல் சோதனை முயற்சியாக ஆரம்பித்து, 1981 முதல் கால்பந்து சங்கத்தின் அதிகாரப்பூர்வப் போட்டியானது. அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் 1920-ல் தொடங்கிய காஸா பியா கிளப் 1939-ல் முதல் டிவிஷனிலிருந்து கீழே போனது. 83 வருஷம் கழித்து, 2022-ல்தான் திரும்பி வந்தது. சூப்பர் கோப்பையில் ஆட பொதுவாக லீக் பட்டமோ உள்நாட்டுக் கோப்பையோ வேண்டும். நிறுவியவரின் பெயர் தாங்கிய அந்த ஆட்டத்தில் காஸா பியா இன்னும் ஒருமுறைகூட ஆடியதில்லை.