துணி வெளுத்த தாயின் மகன்

பிள்ளைகளுக்குப் பாட்டும் படமுமாகப் புத்தகம் எழுதியதற்காக ஒரு மனிதன் அடி வாங்கியதுண்டா? உண்டு தோழர்களே! எதிரியின் கையால் வாங்கியது போக, தன் பக்கத்தில் நின்றவர்களின் கையாலும் வாங்கியதுண்டு. ருஷ்ய நாட்டுக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகத் தாத்தா என்று கொண்டாடும் கொர்னேய் சுக்கோவ்ஸ்கியின் வாழ்க்கை அது.

1882-ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தாய், உக்ரேன் நாட்டுக் குடியானவர் வீட்டுப் பெண். ஊழியத்திற்குப் போன இடத்தில் அந்த வீட்டு மகனை நம்பினாள். இரண்டு குழந்தைகளுக்குத் தாயானாள். கலியாணம் இல்லை, கைவிட்டுப் போனான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒடெஸ்ஸா துறைமுகத்திற்குப் போய், ஊரார் அழுக்கைத் துவைத்து அவர்களை வளர்த்தாள். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை என்ற வெட்கம் சிறுவனை நெடுங்காலம் தின்றது. பின்னாளில் தாயின் குடும்பப் பெயரையே உடைத்துத்தான் தனக்குப் புனைபெயர் செய்துகொண்டார்.

ஜாரின் கல்வி மந்திரி 1887-இல் ஒரு சுற்றறிக்கை விட்டான். வண்டிக்காரன், சமையற்காரி, துணி வெளுப்பவள், சில்லறைக் கடைக்காரன் - இவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு உயர்தரப் பள்ளியின் கதவைத் திறக்காதே என்பது அதன் சாரம். இந்த அநியாயத்தைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி வேண்டுமா? சிறுவன் கொர்னேய் பள்ளியிலிருந்து விரட்டப்பட்டான். பிறப்புத்தான் காரணம் என்று சாகும்வரை அவர் நம்பினார்.

பள்ளி மூடிய கதவைப் புத்தகம் திறந்தது. பழைய ஆங்கிலப் பாடநூல் ஒன்றை வைத்துக்கொண்டு தானே படித்தார். 1903-இல் ஒடெஸ்ஸா பத்திரிகை ஒன்று லண்டனுக்கு நிருபராக அனுப்பியது. அங்கே போனால், பேசுவது ஒன்றும் காதில் ஏறவில்லை! எழுத்தைக் கற்றவர் உச்சரிப்பைக் கற்கவில்லை. கவலைப்படாமல் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். ஆங்கிலேயர் தம் குழந்தைகளுக்குச் சொல்லும் எதுகைப் பாட்டுகளின் மீது அவருக்கு மோகம் பிறந்தது.

1905-இல் பொட்டெம்கின் கப்பலின் மாலுமிகள் கிளர்ந்தெழுந்து ஒடெஸ்ஸா வந்தபோது, அந்தக் கப்பலில் ஏறிப் பார்த்து வந்தவர் அவர். பிறகு நையாண்டிப் பத்திரிகை நடத்தி, ஜாரை அவமதித்தார் என்று கைதானார். நல்ல வக்கீல் வாய்த்தார், விடுதலையானார்.

இப்படிப்பட்டவர் குழந்தைப் பாட்டுக்கு வந்ததே ஒரு ரயில் பெட்டியில். கூட இருந்த சின்ன மகனுக்குக் காய்ச்சல், அழுகை ஓயவில்லை. ரயில் சக்கரம் தடதடக்கும் தாளத்திலேயே தெருவில் நடந்து போகும் முதலை ஒன்றைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பாடினார். குழந்தை அடங்கித் தூங்கியது. மறுநாள் அதையே மறுபடி கேட்டது. அந்தப் பாட்டு 1917-இல் சித்திரங்களோடு அச்சேறியது.

எதுகைப் பாட்டு எழுதுவது எளிது என்று நினைக்காதீர்கள். அவர் அதற்குச் சட்டமே வகுத்தார். ஒவ்வொரு கண்ணியும் ஓவியனுக்கு ஒரு படம் தர வேண்டும். படங்கள் ஓட வேண்டும், நிற்கக்கூடாது. எதுகைகள் தள்ளித் தள்ளி நின்றால் பிஞ்சுக் காது இழந்துவிடும். அடுத்தடுத்து வர வேண்டும். எதுகை விழும் சொல்லில்தான் கருத்தின் பாரமும் விழ வேண்டும். அடைமொழிகளைக் குறை, குழந்தைக்கு வேண்டியது வினைச்சொல்! நல்ல தச்சன் மூட்டு இணைப்பதைப் போன்ற வேலை. ஒரு சில வரிகளுக்காகப் பக்கம் பக்கமாக எழுதி அடித்தவர் அவர்.

1924-இல் வந்த ஈயின் கலியாணக் கதையைப் பாருங்கள். வயலில் காசு கண்டெடுத்த ஈ, சந்தையில் தேநீர்க் கொதிகலன் வாங்குகிறாள். பூச்சிகளையெல்லாம் விருந்துக்கு அழைக்கிறாள். எல்லோரும் குடித்தார்கள், தின்றார்கள். சிலந்தி வந்து அவளை மூலைக்கு இழுத்துப் போனபோது? அத்தனை விருந்தாளிகளும் பதுங்கிக்கொண்டார்கள்! வந்தது ஒரு சின்னக் கொசு; கையில் விளக்கு, இடுப்பில் வாள். சிலந்தியின் தலை உருண்டது, ஈக்கும் கொசுவுக்கும் கலியாணம். விருந்துக்கு வருகிறவன் எல்லாம் நண்பனல்ல என்பதை மூன்று வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

தணிக்கைக்காரர்களுக்கு அது தெரியவில்லை. கொசு என்பது மாறுவேடத்து இளவரசன் என்றார்கள். படத்தில் ஈ கொசுவுக்கு மிக அருகில் நிற்கிறாள், மயக்கும் சிரிப்புச் சிரிக்கிறாள் என்றார்கள். ஈயின் சிரிப்பை அளக்க எந்தக் கண்ணாடி போட்டார்களோ!

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 1928 பிப்ரவரியில் பிராவ்தாவில் கண்டனம் வந்தது. எழுதியவர் சாமானியர் அல்லர். லெனினின் துணைவி குரூப்ஸ்கயா. பாட்டாளி வீட்டுப் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்த பெருமாட்டி. முதலைப் பாட்டு முதலாளித்துவக் குழப்பம், குழந்தைக்கு ஆகாது என்பது அவர் தீர்ப்பு. மாக்ஸிம் கார்க்கி அதே ஏட்டில் சுக்கோவ்ஸ்கிக்காகப் பரிந்து எழுதினார். ஆயினும் அலை ஓயவில்லை. பெற்றோர் கூட்டங்களில் தீர்மானங்கள் வந்தன. புரட்சியைக் காப்பவன் விழிப்பாயிருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எதிரியைக் கோட்டை வாசலில் தேட வேண்டியவன் தொட்டிலில் தேடினால் அதற்குப் பெயர் விழிப்பா?

1929-இல்தான் அவருடைய வைத்தியர் பாட்டு வந்தது. அந்த வைத்தியரின் பெயரே ருஷ்ய மொழியில் ஐயோ வலிக்கிறதே என்று பொருள்படும். ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானை தந்தி அடிக்கிறது: குட்டிகளுக்கெல்லாம் நோய். கிழவர் புறப்படுகிறார். பனியில் ஓநாய் சுமக்கிறது, கடலில் திமிங்கலம் சுமக்கிறது, மலையில் கழுகு சுமக்கிறது. போய்ச் சேர்ந்து பத்து இரவு உண்ணாமல் உறங்காமல் வைத்தியம் பார்க்கிறார். கட்டணப் பேச்சே இல்லை! முன்பின் காணாதவன் நோய்க்காக உலகத்தைக் கடப்பது - அன்பு என்ற சொல்லுக்கு அவர் தந்த பொருள் அது.

அந்த ஆண்டின் முடிவில் அவர் வளைந்துகொடுத்தார். பழைய கதைகளைக் கைவிட்டதாகவும், இனிக் கூட்டுப்பண்ணை பற்றிக் குழந்தைப் பாட்டு எழுதுவதாகவும் பத்திரிகையில் அறிக்கை தந்தார். அந்தப் பாட்டை அவர் எழுதவே இல்லை. கட்டளைக்கு எதுகை வரவில்லை. அதே வேளையில் கடைக்குட்டி மூரச்சாவை எலும்புருக்கி பிடித்தது. அவர் பாட்டுகளை முதலில் கேட்டவள் அவள். சில பாட்டுகளில் அவள் பெயரே இருக்கிறது. கிரிமியாவின் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் படுக்கையருகே பாட்டுப் படித்துக் காட்டினார். 1931 நவம்பரில், பதினொரு வயதில், அவள் கண்ணை மூடினாள். அவர் பாட்டில் எத்தனையோ குட்டிகளைப் பிழைக்க வைத்த வைத்தியர், அவர் வீட்டுக்கு வரவில்லை.

மனிதர் ஒடிந்து போகவில்லை. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் பேசும் மொழியை ஊர் ஊராகத் திரட்டிப் பெரும் நூலாக்கினார். குழந்தை தானாகவே எதுகை தேடுகிறது. தலைகீழான வேடிக்கையில் சிரிக்கும்போதுதான் நேரானது எது என்று உறுதிப்படுத்திக்கொள்கிறது என்று அதிலே நிலைநாட்டினார். அவர் காலத்திலேயே அது பல பதிப்புகள் கண்டது. 1930-களின் நடுவில் காற்றும் மாறியது. மாயக் கதைகள் மறுபடி அச்சேறின. ஆனால் 1937-இல் மகளின் கணவர், இளம் பௌதிக விஞ்ஞானி பிரான்ஸ்டைன், கைதாகி மறு ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். 1941-இல் மகன் போரிஸ் போர்முனையில் மாண்டான்.

கிழவருக்கு 1962-இல் லெனின் பரிசும், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட பையனுக்கு! அதற்கு முன்பே, 1957-இல், மாஸ்கோவை அடுத்த பெரெதெல்கினோ கிராமத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் சொந்தப் பணத்தில் குழந்தைகளுக்கு நூலகம் கட்டிக் கொடுத்தார். கோடை தொடங்கும்போதும் முடியும்போதும் சுற்றுவட்டாரப் பிள்ளைகளையெல்லாம் கூட்டித் தீ மூட்டி, பாட்டும் கூத்துமாக விழா எடுத்தார். 1969 அக்டோபர் 28-இல் இறந்தார். அந்த விழாவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு: தலைக்குப் பத்துப் பைன் காய்கள். காட்டில் பொறுக்கி வந்தால் போதும்.