கையுறை தந்தவருக்குக் கைவிலங்கு!

குடித்து வீழ்ந்து கிடப்பவனைக் கண்டால் காறித் துப்புகிறோம். கஞ்சாவுக்கு அடிமையானவனைக் கண்டால், முற்பிறவிப் பாவம், ஆண்டவன் எழுதிய தலையெழுத்து என்று கூறிவிட்டு நடையைக் கட்டுகிறோம். தலையெழுத்தாம்! எழுதியவன் எந்தப் பள்ளியில் எழுதப் படித்தான் என்று கேட்பாரில்லை. இன்னொரு சாரார் இருக்கிறார்கள், பெரிய மனிதர்கள். படித்தவன் கெடமாட்டான், மன உறுதி இருந்தால் மறுநாளே விட்டுவிடலாம் என்று மேடைதோறும் முழங்குவார்கள். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்ட விரும்புகிறேன். வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டட்!

1852-இல் நியூயார்க் நகரத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். யேல் பல்கலைக்கழகத்தில் கால்பந்துக் குழுவின் தலைவர். கட்டுடல், கம்பீரம், கலகலப்பு! மருத்துவம் பயின்றார், அறுவை மருத்துவரானார். 1881-இல் அவருடைய சகோதரி பிள்ளைப்பேற்றுக்குப் பின் குருதி வடிந்து சாகும் நிலைக்கு வந்தபோது, தம் குருதியையே எடுத்து அவர் உடலில் ஏற்றிக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டு தாய்க்குப் பித்தப்பையில் கல். நள்ளிரவு கடந்த நேரம், சமையலறை மேசைதான் அறுவைக்கூடம். பெற்றவளின் வயிற்றைக் கீறிக் கற்களை அகற்றினார், பிழைக்க வைத்தார். கோழையா இவர்? மன உறுதி இல்லாதவரா?

1884-இல் வியன்னா நகர மருத்துவர் கார்ல் கொல்லர், கொக்கெய்ன் கரைசலைச் சில துளிகள் விட்டால் கண் மரத்துப்போகும், வலியின்றி அறுவை செய்யலாம் என்று கண்டு சொன்னார். மருத்துவ உலகமே வியந்தது. அதே ஆண்டு சிக்மண்ட் ஃப்ராய்டு, கொக்கெய்னைப் புகழ்ந்து ஒரு கட்டுரையே தீட்டினார். மேதைகளும் ஏமாந்த காலம் அது! செய்தி எட்டியதும் ஹால்ஸ்டட் ஊசியைக் கையிலெடுத்தார். நரம்பின் அருகே மருந்தைச் செலுத்தினால் அந்த நரம்பு ஆளும் பகுதி முழுவதும் மரத்துப்போகும் என்று நிறுவினார். இன்று பல் பிடுங்கப் போகிறவன் தாடையில் ஊசி போட்டுக்கொண்டு வலியின்றித் திரும்புகிறானே, அந்த நலத்துக்கு வித்திட்டவர்களில் அவர் ஒருவர்.

ஆனால் சோதனையை யார்மீது நடத்தினார்? தம்மீதும், தம்முடன் இருந்த இளம் மருத்துவர்கள் மீதும். ஊரானைப் பலியிட்டுத் தாம் தப்பிய கயவரல்லர். ஓராண்டுக்குள் அவரும் உடனிருந்தோர் பலரும் வலையில் சிக்கினர். சிலர் மீளவே இல்லை. 1885-இல் ஹால்ஸ்டட் ஒரு மருத்துவ ஏட்டுக்கு எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே தொடக்கம் எது, முடிவு எது என்று புரியாது. எழுதியது கை அல்ல, கொக்கெய்ன்!

ஏன் விடமுடியவில்லை? மூளையில் டோபமின் என்றொரு பொருள் சுரக்கிறது. பசித்தவன் உண்ணும்போதும், பிரிந்தவரைக் காணும்போதும் அது சற்றே பெருகும். கொக்கெய்ன் அதைத் தேங்கச் செய்து வெள்ளமாக்குகிறது. இதுதான் உயிர்வாழ வழி என்று மூளை தவறாகப் பாடம் படித்துக்கொள்கிறது. மன உறுதி, மன உறுதி என்கிறார்களே, அந்த மன உறுதியும் அதே மூளையின் வேலைதானே! வேலியே பயிரை மேயும்போது காவலுக்கு யாரை அழைப்பது?

அப்போது வந்தார் நண்பர் வில்லியம் வெல்ச். அவர் உபதேசம் செய்யவில்லை. 1886-இல் கப்பலில் ஏற்றிக் கரிபியன் தீவுகளின் பக்கம் அழைத்துச் சென்றார், சிறுகச் சிறுக மருந்தைக் குறைக்கும் எண்ணத்துடன். கொண்டுபோன கொக்கெய்ன் தீர்ந்ததும், கப்பல் தலைவரின் மருந்துப் பெட்டியை உடைத்தார் ஹால்ஸ்டட் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். தாயைக் காத்த கை, திருடிய கையானது! பிறகு பிராவிடன்ஸ் நகரிலுள்ள பட்லர் மனநல மருத்துவமனையில் பல மாதங்கள். மறு ஆண்டு மீண்டும் அங்கேயே. கொக்கெய்னை மறக்க அங்கு தந்தது என்ன தெரியுமா? மார்ஃபின்! அபினிலிருந்து எடுக்கும் மருந்து. ஒரு விலங்கைக் கழற்ற இன்னொரு விலங்கு. இன்று மார்ஃபின் வகைக்கு அடிமையானோருக்கு மெதடோன், புப்ரெனார்ஃபின் என்று அளவும் கண்காணிப்பும் கொண்ட மாற்று மருந்துகள் உண்டு. அன்று அந்த வாய்ப்பும் இல்லை.

பால்டிமோர் நகருக்கு அழைத்து, தம் ஆய்வுக்கூடத்தில் இடம் தந்தார் வெல்ச். 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டட் அறுவைத் துறைத் தலைவரானார். குடலிறக்கத்துக்கும் மார்பகப் புற்றுக்கும் புது முறை கண்டார், திசுவை மென்மையாகக் கையாளக் கற்பித்தார், இளம் மருத்துவர்களை ஆண்டுக்கணக்கில் உடன் வைத்துப் பயிற்றினார். ஹார்வி குஷிங் அவரிடம் பயின்றவர்தான். கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியின் கைகள் கிருமிநாசினியால் புண்பட்டபோது, குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய ரப்பர் கையுறை செய்து தரச் சொன்னார். அறுவைக்கூடத்துக்குள் கையுறை நுழைந்தது காதலின் கைபிடித்து! 1890-இல் அந்தச் செவிலியையே மணந்தார்.

மீண்டுவிட்டார் என்று ஊர் நம்பியது. உடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் ஒருநாள் அவர் குளிர்நடுக்கத்தில் துடிப்பதைக் கண்டார். அப்போதுதான் உண்மை விளங்கிற்று. நாளொன்றுக்கு 3 கிரெயின், ஏறத்தாழ 200 மில்லிகிராம் மார்ஃபின்! அதற்குக் கீழே குறைக்க முடியவில்லை. 1898 வாக்கில் பாதியாகக் குறைத்தார். பாதி! சிலருக்கு அது தோல்வியாகத் தோன்றும். எனக்கோ, ஒவ்வொரு நாளும் தனியாக நின்று நடத்திய போராகத் தோன்றுகிறது. கலகலப்பான இளைஞர் ஒதுங்கிய மனிதரானார். திடீரெனப் பல நாட்கள் காணாமற்போவார், மாணவர்கள் அறுவையைத் தொடர்வார்கள்.

ஒன்று கேட்கிறேன். அவர் நூற்பாலைக் கூலியாக இருந்திருந்தால்? கப்பல் கிடைத்திருக்குமா, வெல்ச் கிடைத்திருப்பாரா? காவலரின் தடிதானே கிடைத்திருக்கும்! பெட்டியை உடைத்தவருக்கு ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்தார்கள். அது சலுகை அல்ல, மருத்துவம். அந்த மருத்துவம் சேரிக்கு மட்டும் ஏன் வழி தெரியாமல் நிற்கிறது?

1922-இல் ஹால்ஸ்டட்டுக்கும் பித்தக் கல் அறுவை நடந்தது. தம் தாய்க்கு அவர் செய்ததைப் போன்ற அறுவை. செய்தவர்கள் அவர் பயிற்றிய மாணவர்கள். பிறகு நிமோனியா கண்டது, செப்டம்பர் 7-ஆம் நாள் மறைந்தார். ஆஸ்லர் எழுதிப் பூட்டி வைத்த குறிப்பு 1969-இல்தான் திறக்கப்பட்டது. 47 ஆண்டுகள், கையுறையை உலகம் அணிந்திருந்தது, விலங்கை அறியாமலே.