வெள்ளிக்கிழமை மாலை வீணை: தனம்மாளின் வாழ்வும் இசையும்

கலைஞர் பலர் அரசர்தம் ஆதரவால் வளர்ந்தனர். சிலர் ஆலயத்தின் நிழலில் வளர்ந்தனர். பிற்காலத்தார் சபாக்களின் மேடையால் புகழ் பெற்றனர். இம்மூன்றையும் முழுதும் சார்ந்து நில்லாமல், தம் இல்லத்தின் ஓர் அறையையே அரங்காக்கிக்கொண்டு, கேட்க வருவோர் வரட்டும் என்று அமர்ந்து வாசித்த ஒருவர் சென்னை நகரில் வாழ்ந்தார். அவரே வீணை தனம்மாள். அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் கருநாடக இசையில் பதம் என்றும் ஜாவளி என்றும் பேச்செழும் இடத்திலெல்லாம் அவர் பெயரும் உடன் எழுகிறது. இத்தகைய நிலைபேறு அவருக்கு எவ்வாறு வாய்த்தது என்பதை எண்ணிப் பார்ப்பது சொல்லையும் இசையையும் ஒருங்கே போற்றுவோர்க்குப் பயன் தரும்.

குடியும் பிறப்பும்

தனம்மாள் 1867ஆம் ஆண்டு சென்னையில், பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்ற வடபகுதியில் பிறந்தார். இசையையும் ஆடலையும் வாழ்முறையாகக் கொண்ட தேவதாசி மரபில் வந்த குடும்பம் அது. பாட்டியார் காமாட்சி அம்மாள் தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய ஆடற்கலைஞர். அன்னையார் சுந்தரம்மாள் சிறந்த பாடகி.

தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண்வாரிசின்றி மறைந்தபின், அந்நாடு கும்பினியாரின் ஆட்சியுள் அடங்கியது. அரசவையை நம்பி வாழ்ந்த இசைவாணரும் ஆடற்கலைஞரும் புகலிடம் தேடிப் பல திசைகளிலும் சென்றனர். வணிகத்தால் செழித்திருந்த சென்னை அவருள் பலரை ஈர்த்தது. மன்னரின் இடத்தில் துபாஷிகளும் வணிகப் பெருமக்களும் கலைக்குப் புரவலராயினர். தனம்மாளின் குடும்பம் சென்னையில் வேர்கொண்டதும் இப்பெயர்ச்சியின் ஒரு பகுதியே. ஆதலின் தஞ்சையின் பழமையும் சென்னையின் புதுமையும் சந்தித்த முனையில் அவர் பிறந்தார் எனலாம். பழமையை அவர் தம் கையில் ஏந்தினார். புதுமையின் ஆரவாரத்தை வாயிற்படியோடு நிறுத்தினார்.

கற்ற வழிகள்

ஒரு கலைஞரின் தனித்தன்மை வெறுமையிலிருந்து பிறப்பதில்லை. பல ஓடைகள் வந்து கூடும் இடத்தில்தான் ஆழமான குளம் உருவாகிறது. தனம்மாளின் இசைக்குள் வந்து கூடிய ஓடைகள் எவை என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும்.

முதலாவது, தாய்வழி வந்தது. சுந்தரம்மாள் சுப்பராய சாஸ்திரியிடம் பயின்றவர். சுப்பராய சாஸ்திரி, சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரியின் மைந்தர். சியாமா சாஸ்திரியின் உருப்படிகள் விரைவுக்கு இடங்கொடாதவை; காலத்தை அகல விரித்து, ஒவ்வொரு சுரத்துக்கும் இருக்கை அளித்துச் செல்பவை. அவற்றை நூலிலிருந்து அன்றி, தாயின் குரலிலிருந்து இளமையிலேயே பெறும் பேறு தனம்மாளுக்குக் கிட்டியது.

இரண்டாவது, முத்துசுவாமி தீட்சிதரின் மரபு. சாத்தனூர் பஞ்சு ஐயர் என்று வழங்கப்பட்ட பஞ்சநத ஐயரிடம் தனம்மாள் தீட்சிதர் கீர்த்தனைகளைப் பயின்றார். தீட்சிதர் தாமே வீணை வல்லவர்; அவருடைய கீர்த்தனைகளின் நடை வீணையின் நரம்பை ஒட்டியே அமைந்தது என்பர் இசை அறிஞர். அவை வீணைக் கலைஞர் ஒருவரின் கைக்கு வந்து சேர்ந்தது பொருத்தமே.

தியாகராஜரின் மரபும் தொலைவில் இருக்கவில்லை. அவருடைய நேர்மாணாக்கராகிய வீணை குப்பையரும், அவர் புதல்வர் திருவொற்றியூர் தியாகையரும் பேணி வளர்த்த வழி வடசென்னையில் ஆழ வேரூன்றியிருந்தது. அந்தக் காற்றையே தனம்மாளும் சுவாசித்தார். வீணையையும் வாய்ப்பாட்டையும் அவருக்குப் பயிற்றியவர்களுள் அழகியசிங்கரையர் குறிப்பிடத்தக்கவர்.

நான்காவதாக வந்த ஓடைதான் அவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது. அது பதம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞர், மூவ்வ கோபாலன் என்னும் முத்திரையோடு தெலுங்கில் இயற்றிய பதங்கள் தென்னாட்டு அவைகளில் பரவின. தலைவனைப் பிரிந்த தலைவி, அவளுக்கு ஆறுதல் கூறும் தோழி, சினமும் ஊடலும் கனிந்து உருகும் நிலை ஆகியவை அவற்றின் பொருள். அகத்திணையை அறிந்த தமிழ் நெஞ்சுக்கு அவை அயலானவை அல்ல. ஆடலரங்கில் அபிநயத்துக்குரியனவாக வாழ்ந்த இப்பதங்களைத் தனம்மாள் பால்தாஸ் நாயுடுவிடம் கற்றார். தமிழ்ப் பதங்களும் அவர் குடும்பத்தில் வாழ்ந்தன. குறிப்பாகக் கனம் கிருஷ்ணையரின் பதங்களை அவர் வழியினர் பிற்காலத்தும் போற்றிப் பாடினர். ஜாவளிகள் பல இயற்றிய தருமபுரி சுப்பராயர் அவருடைய சமகாலத்தவர். பரஸ் இராகத்தில் அமைந்த அவருடைய புகழ்பெற்ற ஜாவளி ஒன்று தனம்மாளை எண்ணியே இயற்றப்பட்டது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

வெள்ளிக்கிழமை அரங்கு

வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் தனம்மாள் தம் இல்லத்தில் வீணை வாசிப்பது வழக்கம். ஜார்ஜ் டவுன் இராமகிருஷ்ண செட்டித் தெருவிலிருந்த அந்த வீடு இசை அறிந்தோர்க்கு ஒரு தலமாகவே ஆயிற்று. விளம்பரம் இல்லை, மேடை இல்லை. வித்துவான்களும் சுவைஞர்களும் வந்து, தரையில் அமர்ந்து, பேச்சொழிந்து கேட்டனர். பக்கவாத்திய முழக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. வீணையின் பக்கத் தந்திகள் மூன்றும் தாளத்தைக் காட்டும். அவருடைய மெல்லிய குரல் நரம்பின் ஒலியோடு இழையும்.

வீணை வாசிப்போர் பலர் விரலில் மீட்டுக் கம்பி அணிந்து தந்தியை மீட்டுவர். ஒலி உரத்து எழும். தனம்மாள் வெறும் விரலாலேயே மீட்டினார். அதனால் நாதம் சிறுத்தது. ஆனால் இனிமை செறிந்தது. பத்துப் பேர் அமர்ந்த அறையிலும் மூச்சடக்கிக் கேட்டால்தான் அந்நாதத்தின் நுனி செவிக்கு எட்டும். கேட்போர் அமைதி காத்தமைக்கு மரியாதை மட்டும் காரணமன்று; அமைதியின்றி அந்த இசையே இல்லை. ஆரவாரம் செய்வோரை அவர் பொறுப்பதில்லை என்று அவரை அறிந்தோர் கூறி வந்தனர். அதனைச் செருக்கென்று கொள்வாரும் இருந்திருக்கக்கூடும். ஆயினும் அக்கலையின் அமைப்பை அறிந்தவர் அதனைத் தேவை என்றே கொள்வர்.

பதம் வாசிப்பதன் நுட்பமும் இங்கே கருதத்தக்கது. விளம்ப காலத்தில் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே நெடிய வெளி உண்டு. அவ்வெளியை வெறுமையாக விட்டால் பாட்டு சிதையும். அணிகளால் நிரப்பினால் பொருள் மறையும். வீணையில் ஒரு மெட்டின்மீது தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் பல சுரங்களின் சாயலை எழுப்பலாம். ஒலி தேய்ந்து மறைவதற்குள் அந்தச் சாயல் முழுமை பெற வேண்டும். தலைவியின் பெருமூச்சு போன்ற அந்த இழைப்பில்தான் தனம்மாள் தலைசிறந்தார். அவர் பாடிக்கொண்டே வாசித்தமையால் சொல் எங்கே முறிகிறது, எங்கே தொடர்கிறது என்பதை விரல் அறிந்திருந்தது. சொல்லை மதித்த இசை அது. இலக்கிய அன்பர் அவரை நினைப்பதற்கு இஃதொன்றே போதும்.

காலத்தின் மாறுதல்

தனம்மாள் வாழ்ந்த எழுபத்தோர் ஆண்டுகள் கலையுலகம் தலைகீழாக மாறிய ஆண்டுகள். சபாக்கள் தோன்றின, சீட்டு வாங்கிக் கேட்கும் பெருங்கூட்டம் உருவாயிற்று. 1927இல் காங்கிரஸ் மாநாட்டோடு சென்னையில் நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பெற்றது. ஒலிபெருக்கி வந்தது, விறுவிறுப்பான நடையும் சுரப்பொழிவும் பெருமன்றத்தைக் கவர்ந்தன. இவற்றுள் ஒன்றுக்காகவும் தனம்மாள் தம் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. 1930களில் அவருடைய வாசிப்பு இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. மாலை முழுதும் விரிய வேண்டிய இசை சில நிமிடங்களில் சுருங்கியது. முதுமையில் வாசித்த அந்தச் சில தட்டுகளே இன்று நமக்கு எஞ்சியுள்ள அவருடைய நேரொலி.

மற்றொரு மாறுதல் இன்னும் கடுமையானது. 1890களில் தொடங்கிய சதிர் எதிர்ப்பு இயக்கம், தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சியாக வளர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930ஐ ஒட்டிச் சட்டமன்றத்தில் முன்னெடுத்த அம்முயற்சி 1947இல் சட்டமாக நிறைவேறியது. சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நன்மையே. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவ்வழக்கத்தின்மீது எழுந்த வெறுப்பு, தலைமுறை தலைமுறையாக இசையையும் ஆடலையும் காத்த பெண்டிர்மீதும் பாய்ந்தது. அவர்கள் காத்த கலை மேன்மையுடையதென ஏற்கப்பட்டது. காத்தவர்கள் ஒதுங்க நேர்ந்தது. இந்த முரணை நம் கலை வரலாறு இன்னும் முழுமையாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தனம்மாளின் இல்லத்துக்கு வந்து பணிவோடு அமர்ந்த வித்துவான்களின் வரிசை அந்த அநீதிக்கு அக்காலத்திலேயே அளிக்கப்பட்ட ஒரு மௌன மறுப்பு.

பெயரில் தனம் இருந்ததேயன்றி வாழ்வில் அது நிலைக்கவில்லை. பெரிய குடும்பம்; கொடுக்கும் கை; நிலையான வருவாய் இன்மை. முதுமையில் கண்பார்வையும் மங்கி மறைந்தது. எனினும் விரல்களுக்கு மெட்டுகளின் இடம் தெரிந்திருந்தது. 1938ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அவர் மறைந்தார்.

வழித்தோன்றல்கள்

இராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி என மகளிர் நால்வர். நால்வரும் இசை வல்லவர். காமாட்சியின் புதல்வியர் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி. லட்சுமிரத்தினத்தின் மைந்தர் டி. சங்கரன், குடும்ப மரபின் நினைவுக் களஞ்சியமாக வாழ்ந்தவர். ஜயம்மாளின் மக்கள் பாலசரஸ்வதி, மிருதங்கக் கலைஞர் ரங்கநாதன், புல்லாங்குழல் கலைஞர் விஸ்வநாதன். இவ்வளவு கலைஞரை ஈன்ற ஒரு குடும்பத்தைக் காண்பது அரிது.

இங்கே ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. பேத்தியரான பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் பயில அனுப்பப்பெற்றனர். நாயனா பிள்ளையோ லய வித்தையில் பேராற்றல் படைத்தவர். பக்கவாத்தியங்கள் பல சூழ, முழக்கத்தோடு கச்சேரி நிகழ்த்தியவர். வெள்ளிக்கிழமை அரங்கின் அமைதிக்கு அது நேரெதிர். எனினும் குடும்பத்தார் தயங்கவில்லை. தம் நடை ஒன்றே இசையென்று எண்ணாத அகன்ற நோக்கு அவ்வில்லத்தில் நிலவியமைக்கு இதுவே சான்று. தனித்து நின்றவரின் இல்லம், கதவடைத்துக்கொண்ட இல்லமாக இருக்கவில்லை.

பாலசரஸ்வதியின் வரலாறும் அவ்வாறே. ஆடலுக்கு எதிர்ப்பு ஓங்கியிருந்த நாளில், 1925இல், ஏழு வயதுச் சிறுமியாகக் காஞ்சிபுரத்தில் அவர் அரங்கேறினார். ஆடல் பயிற்றியவர் தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்ப பிள்ளை; பின்னின்று பாடியவர் அன்னை ஜயம்மாள். பாட்டியாரின் வீணையில் நரம்பின் இழைப்பாக வாழ்ந்த பதம், பேத்தியின் கண்ணிலும் கையிலும் அபிநயமாக மறுபிறப்பு எடுத்தது. 1973இல் பாலசரஸ்வதியும், 1976இல் பிருந்தாவும், 1988இல் விஸ்வநாதனும் சங்கீத கலாநிதி விருது பெற்றனர். ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்க நாட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பலரைப் பயிற்றினர். எம். எஸ். சுப்புலட்சுமி உள்ளிட்ட பெருங்கலைஞர் பிருந்தாவை நாடிப் பதங்கள் கற்றனர். 2010இல் இந்திய அஞ்சல் துறை தனம்மாளின் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

நிறைவாக

கூட்டம் பெரிதானால்தான் கலை வாழும் என்னும் நம்பிக்கை இன்று எங்கும் பரவியுள்ளது. சிறு அறையில், சிலர் செவிக்கு மட்டும் எட்டிய ஒரு நாதம் நான்கு தலைமுறைகளைக் கடந்து கண்டம் விட்டுக் கண்டம் சென்றது என்பதைத் தனம்மாளின் வாழ்வு காட்டுகிறது. ஆனால் அதற்கு அவரும் அவர் குடும்பத்தாரும் கொடுத்த விலையை மறந்துவிட்டு அவரைப் புகழ்வது முறையாகாது. வறுமையையும் சமூகத்தின் இகழ்ச்சியையும் தாங்கிக்கொண்டே அவர்கள் அந்த நாதத்தைக் காத்தனர். வந்து அமர்ந்து கேட்டவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அவர்கள் வெள்ளிக்கிழமை தவறாது வந்தனர். வாய் திறவாது கேட்டனர். கேட்டதைப் பிறர்க்குச் சொன்னார்கள்.

மாதந்தோறும் ஒரு சிலராய்க் கூடி நூல்களைப் படிக்கும் நம்போன்ற சிறு வட்டங்கள் தம் அளவைக் கண்டு சோர்வதுண்டு. அத்தகைய பொழுதுகளில் அந்த ஜார்ஜ் டவுன் வீட்டை நினைத்துக்கொள்ளலாம். கலையின் அளவு அவையின் அளவைப் பொறுத்ததன்று. அவையில் இருப்போர் எவ்வளவு ஆழ்ந்து கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.