கழற்றிப் பார்த்த கைகள்

மார்கழித் திருவாதிரை வந்துவிட்டால் ராமநாதபுரத்திலிருந்து உத்தரகோசமங்கைக்குப் போகும் சாலையில் கூட்டம் நெரியும். ஆண்டுக்கு ஒரு முறை சந்தனக் காப்புக் களைந்து காட்சி தரும் மரகத நடராஜரைக் காணப் பல ஜில்லாக்களிலிருந்தும் ஜனங்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். இவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் கட்டுச்சோற்று மூட்டையோடு மாட்டு வண்டியில் வந்தவர்கள். வண்டி இல்லாதவர்கள் கால்நடையாக வந்தவர்கள். சுவாமி தரிசனத்துக்குப் போகிற சாதாரண மனிதனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போக முன்வந்த ஆரம்ப காலத்து மனிதர்களில் ஒருவர், 1920-ம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு தாமே அதை ஓட்டினார். பழனியாண்டவர் சந்நிதிக்குப் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்த அந்த வண்டியின் சாரதிதான் பிற்காலத்தில் ஊரெல்லாம் பேசிய ஜி.டி. நாயுடு.

கோபாலசாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23-ந் தேதி, கோயமுத்தூர் ஜில்லா கலங்கல் கிராமத்தில். விவசாயக் குடும்பம். தாயாரைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் என்றால் பையனுக்கு வேப்பங்காய். உபாத்தியாயர் மீது மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடி வந்த கதையைக் கோவைப் பக்கத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆரம்பப் படிப்போடு ஏட்டுப் படிப்பு முடிந்தது. இப்படிப்பட்டவர் பின்னாளில் ஓர் எஞ்சினீயரிங் கல்லூரியின் பிரின்ஸிபால் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது தனி வேடிக்கை. அதைப் பின்னால் பார்ப்போம்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு மோட்டார் சைக்கிள். ரெவினியூ இலாகாவைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் செய்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளில் கிராமத்துப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை; தானாக ஓடுகிறது! வேடிக்கை பார்த்த மற்றவர்கள் அன்று மாலையே அதை மறந்திருப்பார்கள். துரைசாமிக்குத் தூக்கம் வரவில்லை. கோயமுத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்து, கடைசியில் அதே மாதிரி வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கினவர் அதில் ஏறி ஊரைச் சுற்றித் திருப்தி அடைந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வண்டியைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை; படித்துப் பார்க்கப் புத்தகம் இல்லை. எந்தச் சாமான் எதற்கு இருக்கிறது என்பதைக் கைகளே கண்டுபிடித்தன. அவர் பெற்ற எஞ்சினீயரிங் படிப்பு அதுதான். வேறு பட்டம் அவருக்குக் கடைசிவரை தேவைப்படவும் இல்லை.

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிப் பணம் பண்ணினார். பம்பாய்க்குப் போய் அந்தப் பணத்தை அங்கேயே தொலைத்துவிட்டுத் திரும்பினார். அப்போது கை கொடுத்தவர் கோவையின் பெரிய வியாபாரியான ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவருடைய உதவியால் வந்ததுதான் 1920-ம் வருஷத்துப் பழனி பஸ்.

ஒரு பஸ் பலவாயிற்று. ‘யுனிவர்ஸல் மோட்டார் சர்வீஸ்’ என்ற பெயர், சுருக்கமாக யு.எம்.எஸ்., கொங்கு நாட்டுச் சாலைகளில் எல்லோருக்கும் தெரிந்த பெயராயிற்று. 1930-களின் தொடக்கத்தில் இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடின. பஸ் முதலாளிகள் அப்போது வேறு ஊர்களிலும் இருந்தார்கள். ஆனால் வண்டி கெட்டுப்போனால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு முதலாளி ஒதுங்கி நிற்பதுதான் மற்ற இடங்களில் வழக்கம். இங்கே முதலாளியே வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். எஞ்சின் அதிர்வைச் சோதித்துக் கோளாறு காட்டும் கருவி முதலானவற்றை அவருடைய பட்டறையிலேயே செய்து பார்த்தார்கள். குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு பிரசித்தம். நேரத்தை வீணாக்குகிற மனிதரை அவரால் சகித்துக்கொள்ள முடியாது. பிற்காலத்தில் அவருக்கு வந்த பல சண்டைகளுக்கு இதுவே வித்து.

<b>கடல் கடந்த மோட்டார்ப் பித்து</b>

1930-களில் நாயுடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். அந்நாளில் சீமைக்குப் போகும் தமிழர்கள் பாரிஸ்டர் பட்டத்துக்கோ ஐ.ஸி.எஸ். பரீட்சைக்கோ போவார்கள்; ஜமீன்தார்கள் குதிரைப் பந்தயம் பார்க்கப் போவார்கள். இவர் போனது யந்திரம் பார்க்க. தொழிற்சாலைகளுக்குள் நுழைந்து பார்ப்பதும், கண்ணில் பட்ட புதுச் சாமான்களை வாங்குவதும், வாங்கியதை உடனே பிரித்துப் பார்ப்பதுமாகப் பொழுது போயிற்று. அப்படிப் பல பிரயாணங்களில் அவர் சேர்த்துக் கொண்டுவந்த கருவிகள் பிற்பாடு கோவையில் ஒரு கண்காட்சிச் சாலையையே நிரப்பின.

காமிராவிலும் அவருக்கு அதே மோகம். 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி காலமானபோது லண்டனில் நடந்த இறுதி ஊர்வலத்தைத் தாமே சினிமாப் படமாக எடுத்தார். காந்திஜி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரும் அவருடைய படச்சுருள்களில் இருக்கிறார்கள்.

பிரயாணத்தின் பலனாக வந்தவற்றில் பெரும் பேர் வாங்கியது ‘ரஸாண்ட்’ என்ற சவரக் கருவி. டார்ச் விளக்குக்குப் போடுவது போன்ற உலர் பாட்டரியால் ஓடும் ஒரு சின்னஞ்சிறு மோட்டார் அதற்குள் இருந்தது. மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு யந்திரம் என்று பட்டியல் நீளும். ஓட்டு யந்திரம் செய்தவர் தாமே ஒரு முறை மாகாணத் தேர்தலுக்கு நின்றார். ஜனங்கள் அவரைத் தோற்கடித்துவிட்டார்கள்.

இதே காலத்தில் உலகத்தின் மறு கோடியில் வேறு சிலரும் கையில் ஸ்பானரோடு இருந்தார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த வாலிபர்கள் பழைய ஃபோர்டு கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினைத் திருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டிப் பந்தயம் விடுவார்கள். 1932-ல் ஃபோர்டு கம்பெனி எட்டு ஸிலிண்டர் எஞ்சினைச் சல்லிசாக விற்க ஆரம்பித்ததும் இந்தப் பித்து தலைக்கேறிற்று. இப்படி மாற்றிய வண்டிக்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். வண்டிகளில் கழற்றிய உதிரிச் சாமானைக் கடை பரப்பிக் கைமாற்றிக்கொள்ளும் சந்தைகளும், கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற ‘டிராக்’ பந்தயங்களும் பிறகு அங்கே திருவிழாவாகவே ஆகிவிட்டன. அந்தப் பந்தயங்களை ஒழுங்கு செய்ய 1951-ல் தேசிய அளவில் ஒரு சங்கமே ஏற்பட்டது. பட்டறைப் பையன்களின் விளையாட்டு பெரிய தொழிலாக வளர்ந்தது. இன்று கடல் கடந்து போய் அந்தச் சந்தையையும் பந்தயத்தையும் பார்த்து வருகிற ரசிகர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள்.

கலங்கல் கிராமத்து இளைஞருக்கும் அந்தக் கலிபோர்னியா வாலிபர்களுக்கும் இருந்த அரிப்பு ஒன்றே. விற்றவன் கொடுத்தபடியே வண்டியை வைத்துக்கொள்ள இருவராலும் முடியவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்கு வாய்த்த வழியும் இவருக்கு வாய்த்த வழியும்தான் வேறு.

<b>மோட்டாரும் கல்லூரியும்</b>

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவையில் மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டார் என்று இதைச் சொல்லுவார்கள். அதுவரை கிணற்றிலிருந்து நீர் இறைக்கிற மோட்டாருக்குக் கூடக் கப்பலை எதிர்பார்த்து நின்ற நாடு இது. பாலசுந்தரம் பின்னால் ‘டெக்ஸ்டூல்’ ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். மோட்டாருக்கும் பம்புக்கும் கோயமுத்தூர் பெயர் பெற்றதற்கு விதை அங்கேதான் விழுந்தது.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபதே ரூபாயில் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். 1944-ல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கி, ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவி, தொழிலாளர் நலம் என்று தர்ம காரியங்களுக்குப் பணம் ஒதுக்கினார்.

அடுத்த வருஷம் கல்லூரி வந்தது. சென்னை மாகாணக் கவர்னராக இருந்த ஸர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் 1945-ல் ஒரு பாலிடெக்னிக்கும் எஞ்சினீயரிங் கல்லூரியும் அவினாசி சாலையில் தோன்றின. பிரின்ஸிபால் நாயுடு! பையன்களை நாலு வருஷம் பெஞ்சில் உட்கார வைப்பது தண்டம், இரண்டு வருஷமே ஏராளம் என்பது அவருடைய கட்சி. அதை நிரூபிக்கத் தாமே மாதிரி வகுப்பு நடத்திக் காட்டினார். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்குப் போய், இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது. கணிதமும் பௌதிகமும் இரண்டு வருஷத்தில் ஆழமாக வந்துவிடுமா என்று கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எஞ்சினைத் தொட்டே பார்க்காமல் பட்டம் வாங்கியவர்களைக் கண்டவர்களுக்கோ, நாயுடுவின் கோபமும் புரியும்.

<b>இரண்டாயிரம் ரூபாய்க் கார்</b>

பழனி சாலையில் சாதாரண ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றியவர், அவர்களையே சொந்தக் காரில் ஏற்றிப் பார்க்கவும் ஆசைப்பட்டார். 1952-ல் அந்தக் கார் வெளியே வந்தது. பெட்ரோலில் ஓடும் சின்னஞ்சிறு வண்டி. இரண்டு பேர் உட்காரலாம். விலை ரூ. 2,000. மாதச் சம்பளக்காரன் ஒருவன் துணிந்து கனவு காணக்கூடிய தொகை அது.

ஆனால் அந்த 1952-ல் ஒரு சாமானைச் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. செய்வதற்குச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். முந்தின வருஷம் இயற்றிய தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்திருந்தது. மோட்டார்த் தொழில் சில கம்பெனிகளோடு நின்றால் போதும் என்பது டில்லியின் கொள்கை. பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிகளே சில வருஷங்களில் கடையைக் கட்டின. அன்னியச் செலாவணி குறைவாக இருந்த ஏழை நாடு, இருக்கிற இரும்பையும் பணத்தையும் பங்கிட்டுக் கொடுக்க நினைத்ததில் காரணம் இல்லாமல் இல்லை. என்றாலும், வெளிநாட்டுக்கு ராயல்டி கட்டாமல் உள்ளூர்ப் பட்டறையில் உருவான வண்டியையும் அதே தராசில் போட்டுத் தள்ளியதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாயுடுவுக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டது. கார் உற்பத்தி நின்றது. அமெரிக்கப் பட்டறைப் பையன்களுக்குத் தேசியச் சங்கம் பிறந்த மறு வருஷம் இது நடந்தது.

மனிதர் மனம் கசந்தார். வரி விதிப்பையும் சர்க்கார் கெடுபிடியையும் கண்டித்து, 1950-களில் கோவையில் பொதுமக்களைக் கூட்டி, தாம் செய்த சாமான்களைத் தாமே உடைத்து நொறுக்கிக் காட்டினார். உடைக்க வேண்டாம் என்று வேண்டியவர்கள் சிநேகிதர்களிலேயே பலர். இது அவசரக் காரியம்தான். டில்லி வாசற்படியில் பொறுமையாகக் காத்திருந்து, கூட்டாளிகளைச் சேர்த்து, அதிகாரிகளைச் சரிக்கட்டி அனுமதி வாங்கிய தொழிலதிபர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். அந்தச் சாமர்த்தியம் நாயுடுவுக்குக் கிடையாது. ஒரு திருகு இறங்கவில்லை என்றால் ஏன் என்று பார்த்துச் சரி செய்வார். ஒரு மனிதர் இணங்கவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார்.

பிறகு கவனம் நிலத்தின் பக்கமும் திரும்பியது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் பருத்தி, புதுவிதப் பப்பாளி என்று தோட்டத்திலும் சோதனைகள் செய்தார். ஸர் சி.வி. ராமன் போன்ற விஞ்ஞானியே மனம் விட்டுப் பாராட்டிய மனிதருக்குச் சர்க்கார் ஆபீஸ்களில் மட்டும் சிநேகம் அமையவில்லை.

1974 ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார்.

சின்னக் கார் இந்தியாவில் சாதாரணக் குடும்பத்தை எட்டுவதற்கு அதற்குப் பிறகும் பத்து வருஷம் ஆயிற்று. 1983 டிசம்பரில் மாருதி வந்தது, ஜப்பானிய சுசூகி கம்பெனியின் துணையோடு. அந்த மாருதி எஞ்சினை எடுத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார் கட்டியவர் கரிவரதன், அவரும் கோயமுத்தூர்க்காரர். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் இந்தியராக வண்டி ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் அதே ஊர்.

அவினாசி சாலையில் நாயுடுவின் பெயரால் நடக்கும் கண்காட்சிச் சாலையில், அவர் பல தேசங்களிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த கருவிகளையும், அவர் பட்டறையில் பிறந்தவற்றையும் பார்க்கலாம். 2015-ல் பக்கத்திலேயே பழைய கார்களுக்கென்று ஒரு மியூசியமும் திறந்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் அதே சாலைக்கு மேலே பத்துக் கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர். அது அவர் ராஜினாமா செய்துவிட்டு வந்த கல்லூரி முன்பு இருந்த இடத்தைத் தாண்டிப் போகிறது. கல்லூரி இடம் மாறி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், பாலத்துக்குக் கீழே போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர்கள் அந்த ஸ்டாப்பிங்கை இன்னும் ‘ஹோப் காலேஜ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.